வைத்தியச்சி வேண்டாம் என்றவள்

“ஓடிப்போனாங்கற சொல்லு இன்னொருக்க உன் வாயில வந்துச்சு, இந்தக் குடத்தைத் தூக்கிச் சாக்கடையில எறிஞ்சிருவேன், பாத்துக்கோ.”

“நானா சொல்லுதேன், ஆச்சி? சந்தே சொல்லுது. கம்ப்யூட்டர் கேம்ல ஒருத்தன் பழக்கமாயிட்டானாம். பெத்த பிள்ளையை உங்க தலையில கட்டிட்டு அவன்கூட அம்பர்நாத்துக்குப் போயிட்டாளாம்.”

“ஓடிப்போறவ தண்ணி வார நேரத்துல, இத்தனை பேரும் குடத்தோட நிக்கையில, நடுச் சந்துலயா நடந்து போவா? அவ பெட்டியைச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் தூக்கிக் குடுத்தது யாருளா? நீதானே?”

இசக்கிசெல்வி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். நல்ல பெண்தான். நடுவில் இருப்பது பலகைச் சுவர் என்பதால் காது மட்டும் கொஞ்சம் நீண்டுவிட்டது. அவளிடம் சொன்னதையே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன். பாதி கேட்டவர்கள் மீதியைத் தாங்களே தைத்துக்கொள்கிறார்கள், தையலும் சரியில்லை.

ருக்சானா என் மருமகள். பத்தொன்பது வயதில் மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அவளிடம் ஒரு பழக்கம். எதைக் கேட்டாலும் இன்னது வேண்டும் என்று சொல்லமாட்டாள். தேயிலையா காப்பியா என்றால், “எது இருக்கோ அது.” பெருநாளைக்கு என்ன நிறத்தில் துணி எடுக்க என்றால், “நீங்க எடுக்கதே போதும், மாமி.” அடக்கமான பெண் என்று ஊரே மெச்சியது. எனக்கு அது ஆரம்பத்தில் வசதியாக இருந்தது. பிறகு எரிச்சலாக இருந்தது. அதற்கும் பிறகு பயமாக ஆகிவிட்டது. பசிக்கிறது என்று சொல்லாத பிள்ளையை எப்படி வளர்ப்பது, சொல்லுங்கள்.

அவள் கலியாணத்திலும் நான் இருந்தேன். திரைக்கு இந்தப் பக்கம் பெண் சார்பில் பேசுகிற வக்கீலும் இரண்டு சாட்சிகளும் நின்று சம்மதமா என்று கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்தபடி இருந்தாள். பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி, “சம்மதந்தான், எழுதுங்க” என்றாள். எழுதினார்கள். குமருக்கு, அதாவது கலியாணமாகாத பெண்ணுக்கு, மௌனமே சம்மதம். எங்களில் அதுதான் முறை.

என் மகன் தப்ரேஸ் தோல் பர்ஸ் தைப்பவன். கீழே ஒரு அறை, இரும்பு ஏணி ஏறினால் மேலே ஒரு பரண், அதில் அவனுடைய மெஷின். எங்கள் பக்கத்தில் வேலை இப்படித்தான் பிரிந்திருக்கிறது: தோல் வெட்டுவதும் மெஷினில் உட்காருவதும் ஆண்கள், பசை தடவுவது, ஓரம் மடிப்பது, நூல் நறுக்குவது வீட்டுப் பெண்கள். ருக்சானாவும் மடியில் பர்ஸைப் போட்டுக்கொண்டு நூல் நறுக்கினாள். தப்ரேஸுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். திரும்பி வந்து அவனைப் படுக்கவைத்துவிட்டு, பரணில் ஏறி அவன் விட்ட தையலைப் போட்டதும் அவள்தான். இப்படியே நான்கு வருஷம். “ருக்சானா மாதிரி நோயாளியப் பாத்துக்கிட ஆளு உண்டா” என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு அவன் மவுத்தாகிவிட்டான். என் மகன், அதைப் பற்றி இங்கே அதிகம் பேசமாட்டேன். இது அவளுடைய கதை.

புருஷனை இழந்தவள் வீட்டோடு இருக்கவேண்டிய இத்தா முடிந்தது, இரண்டு பெருநாளும் போயிற்று. அவள் நூல் நறுக்கிக்கொண்டே இருந்தாள். வாய் இன்னும் சுருங்கிவிட்டது.

இனி அந்தக் கேமுக்கு வருகிறேன். பேத்தி ஹாஃபிஸா ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது பாடத்துக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தோம். அதில் பாடத்தோடு ராட்சதப் பல்லியும் குகையும் புதையலும் சேர்ந்து வந்துவிட்டன. அவளும் பள்ளித் தோழிகள் இருவரும், அதில் ஒருத்தியின் அண்ணன் ராஹிலும் சேர்ந்து விளையாடுவார்கள். அவரவர் வீட்டில் இருந்தபடியே காதில் மாட்டிக்கொண்டு பேசிக்கொள்வார்கள். ஒரு குகைக்குள் போக ஐந்து பேர் வேண்டுமாம். இவர்கள் நாலு பேர்தான், ஒரு ஆள் குறைந்தது.

“உம்மா, கம்ப்யூட்டர்ல வந்து உக்காருங்க, நான் போன்ல ஆடிக்கிடுதேன். சும்மா ஒரு ஆளு நின்னாப் போதும்.”

ருக்சானா உட்கார்ந்தாள். திரையில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றி ஐந்து உருவங்கள் நின்றன. வாள்வீரன், மந்திரவாதி, வில்லாளி, வைத்தியச்சி, திருடன். இதைப் பிள்ளைகள் கிளாஸ் என்கிறார்கள். எந்த வேலைக்காரராக அந்த உலகத்துக்குள் போகிறோம் என்பதை நுழையும்போதே சொல்லிவிடவேண்டும். ஒரு தடவை சொன்னால் பிறகு மாற்ற முடியாது. மேலே ஒரு கடிகாரம் வேறு குறைந்துகொண்டே வந்தது.

“எடுங்க உம்மா, டைம் போகுது! ஏதாவது ஒண்ணைத் தொடுங்க!”

இவள் ஐந்தையும் பார்த்தபடி இருந்தாள். விரல் அசையவில்லை. கடிகாரம் முடிந்ததும் அந்த விளையாட்டே ஒரு ஆளைக் கொடுத்துவிட்டது: மாட்டுத் தோள் அகலத்துக்குத் தோளும், மார்பு வரை தாடியுமாக ஒரு வாள்வீரன். அவனை நடத்தத் தெரியாமல் இவள் சுவரில் முட்டிக்கொண்டே நின்றாள். பல்லி வேறு பக்கம் இருந்தது. ஹாஃபிஸா சிரித்தாள், காதுக்குள்ளிருந்தவர்கள் சிரித்தார்கள், இவளும் சிரித்துவிட்டாள். இந்த வீட்டில் அவள் சிரித்துக் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! ஹராமோ ஹலாலோ, இந்தக் கம்ப்யூட்டர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நான் அன்றைக்கே முடிவு செய்தேன்.

எல்லாம் முடிந்த பிறகு மகளிடம் கேட்டாள்: “நான்தான் எதையும் எடுக்கலையே. அது ஏன் குடுத்துச்சு?”

“எடுக்கலைன்னா அதுவே ஒண்ணைக் குடுத்துரும், உம்மா.”

“அப்ப எடுக்காம இருக்கதும் எடுத்த மாதிரிதானா?”

“ஆமா. தாடிக்காரனைப் பிடிக்கலைன்னா புதுசா ஒரு ஆளு ஆரம்பிக்கலாம். தனியா ஆரம்பிச்சாக் கடிகாரம் கிடையாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் யோசிக்கலாம்.”

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. சாயங்கால அசருத் தொழுகை முடிந்ததும் ருக்சானா மடியில் பர்ஸுகளோடு அந்த ஐந்து பேருக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். கை நூல் நறுக்கும். கண் திரையில் இருக்கும். பொழுதடைந்து மஃரிபு பாங்கு சொன்னதும் எழுந்துவிடுவாள். மறுநாளும் அப்படியே. வரன் பார்ப்பது போல ஒருத்தி கேமில் ஆள் பார்த்ததை இந்தச் சந்தில் யாரும் கண்டதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் சும்மா இருப்போமா?

“வாள்வீரனையே எடு” என்றேன் நான். “பாத்தாலே நாலு பேரு பயப்படுவான்.”

“அது தாடிக்காரன்லா, மாமி.”

“அந்தத் தொப்பிக்காரி என்ன செய்வா?”

“மந்திரவாதி, வாப்பும்மா” என்றாள் ஹாஃபிஸா. “கையை நீட்டினா நெருப்பு வரும்.”

“சூனியமா? அஸ்தஃபிருல்லாஹ்! அது பெரும்பாவம். அவ பக்கம் கையை வைக்காதே.”

“வாப்பும்மா, இது கேமு!”

“கேமுன்னாலும் சூனியம் சூனியந்தான். அந்த மூலையில முக்காடு போட்டவன்?”

“திருடன். பூட்டைத் திறப்பான்.”

“திருடனை எடுத்தவளுக்கு இந்த வீட்டுல சோறு கிடையாது.”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இசக்கிசெல்வி, “திருடன எடுங்கக்கா, நாலு காசு பாக்கலாம்!” என்று கத்தினாள். கேட்டீர்களா? அவளும் யோசனை சொன்னவள்தான். இப்போது ஒன்றும் தெரியாதவள் போலப் பேசுகிறாள்.

ஒரு நாள் ஹாஃபிஸா சத்தத்தை வெளியே வைத்திருந்தாள். ராஹில் பேசியது எல்லாருக்கும் கேட்டது. ஐரோலியில் கல்லூரி படிக்கும் பையன். “ஆண்ட்டி, ஹீலர் லே லோ நா. ஹமாரே பாஸ் ஹீலர் நஹி ஹை.” வைத்தியச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், எங்களிடம் வைத்தியம் பார்க்க ஆள் இல்லை என்கிறான். இதுதான் சந்து முழுக்கப் பரவியிருக்கிற அந்தக் கள்ள ஆம்பளைக் குரல்! ஆண்ட்டி என்று கூப்பிடுகிறவனோடு ஓடிப்போகிற பெண்ணை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

“ஆமா உம்மா” என்று ஹாஃபிஸாவும் சேர்ந்துகொண்டாள். “நீங்கதான் வாப்பாவை அவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டீங்க. உங்களுக்கு வைத்தியச்சிதான் சரி.”

ருக்சானா திரைப் பக்கம் திரும்பினாள். வெள்ளை உடுப்புப் போட்டு, கையில் விளக்குக் கம்போடு நின்ற அந்த வைத்தியச்சியையே நெடுநேரம் பார்த்தாள். அன்று பாங்கு சொல்லும் முன்பே எழுந்துவிட்டாள்.

அந்த வாரம்தான் அவள் காக்கா மன்சூர் அலி வந்தார். காக்கா என்றால் உடன்பிறந்த அண்ணன். செம்பூரில் வீடு. வரும்போதே முகத்தில் வெளிச்சம்.

“மாமி, நல்ல இடம் ஒண்ணு அமைஞ்சிருக்கு. அப்ரார்னு பேரு. குர்லாவுல பேக் கடை. போன வருஷம் சம்சாரம் மவுத்தாப்போச்சு. நல்ல குணம். அவரு உம்மாதான் கொஞ்சம் படுத்த படுக்கை. அதனால என்ன? நம்ம ருக்சானாவுக்கு அது பழகின வேலைதானே.”

நான் ருக்சானாவைப் பார்த்தேன். அவள் கையில் இருந்த கத்தரி நூலைப் பிடித்தபடி நின்றுவிட்டது. நறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

“என்ன தங்கச்சி, சொல்லு” என்றார். அவள் தலையைக் குனிந்தாள். “சரி, யோசி. வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அப்புறம் வாறேன். அங்க நான் வாக்குக் குடுக்கணும்.”

நான் மறுமணத்துக்கு விரோதி அல்ல. முப்பத்தாறு வயது ஒரு வயதா? அவள் மனசாரத் தலையாட்டினால் நானே என் கையால் பெண்ணை அலங்கரித்து அனுப்பியிருப்பேன். ஆனால் அவள் மனம் அதில் இல்லை என்பது அந்தக் கத்தரியைப் பார்த்தாலே தெரிந்தது. வேண்டாம் என்று அவளுக்குச் சொல்ல வராது என்பதும் தெரியும். அவளுக்காக நான் சொல்லலாமா? சொன்னால், சம்பளம் இல்லாத மருமகளை விட மனசில்லை கிழவிக்கு என்பார்கள். அது போகட்டும். பெரியம்மா ஒருத்தி சம்மதந்தான் என்றாளே, அதைப் போல நான் சம்மதமில்லை என்றால், அங்கேயும் பேசுவது ஒரு கிழவிதானே? அவள் வாய் எங்கே? அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை அசருக்குப் பிறகு அவள் வழக்கம்போலத் திரைக்கு முன் உட்கார்ந்தாள். மடியில் பர்ஸ் இல்லை.

“ஹாஃபிஸா, இங்க வா. எப்படித் தொடணும்?”

ஹாஃபிஸா ஓடிவந்தாள். நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பின்னால் நின்றேன்.

“வைத்தியச்சியா, உம்மா?”

“இல்ல. வில்லு வச்சிருக்கவ.”

“உம்மா! எல்லாரும் வைத்தியச்சிக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க. ராஹில் அண்ணன் கோவிப்பாங்க.”

“கோவிக்கட்டும். ராஹிலே வைத்தியம் பாக்கட்டும். நான் பாத்த வைத்தியம் போதும், மகளே.”

சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, உப்பு போதும் என்பது போலச் சொன்னாள். வில்லாளியைத் தொட்டாள். ‘நிச்சயமா?’ என்று அது மறுபடி கேட்டதாம். மறுபடியும் தொட்டாள். அந்தப் பெண் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு நெருப்பை விட்டு நடக்க ஆரம்பித்தாள். அவனைப் பெற்றவளான எனக்கு அது ஒரு நிமிஷம் சுருக்கென்றது, பொய் சொல்லமாட்டேன். நான்கு வருஷம் அவனைச் சுமந்தவள், போதும் என்று சொல்கிறாள். ஆனால் சொல்ல அவளுக்கு உரிமை இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது?

மறுநாள் ஜும்ஆ முடிந்து மன்சூர் அலி அத்தர் மணக்க வந்து உட்கார்ந்தார். ருக்சானா தண்ணீர் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

“என்ன முடிவு?”

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. கேமில் வந்த வாய் இங்கே வராதோ!

அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “சரிதான். மௌனம் சம்மதம். நான் போயிச் சொல்லிருதேன்.”

“உக்காருங்க, தம்பி” என்றேன். “மௌனம் குமருக்குத்தான் சம்மதம். ஒருக்க வாழ்ந்தவகிட்ட வாயால கேட்டாத்தான் செல்லும். பயான் பிரசங்கத்துல நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன். சந்தேகம்னா உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்டக் கேட்டுட்டு வாங்க.”

“எனக்கு மார்க்கச் சட்டம் சொல்லித் தாறீங்களா, மாமி?”

“சொல்லித் தரலை. அவ வாயைத் திறந்து சரின்னா, நானே பெட்டியைக் கட்டித் தாறேன். திறக்காம இந்த வீட்டுப் படியை விட்டு ஒரு வாக்கும் வெளிய போவாது.”

அவருக்கு முகம் கறுத்தது. சட்டம் தெரிந்த மனுஷர்தான், மறுக்க முடியவில்லை. தங்கச்சி பக்கம் திரும்பினார். “அப்பச் சொல்லு. சரின்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போறேன்.”

வெளியே யாரோ பசை டின்னை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை அவள் நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

“எனக்கு இஷ்டமில்லை, காக்கா.”

“என்னது?”

“இஷ்டமில்லை. அவரு நல்லவரா இருக்கலாம். அவருக்கு வேண்டியது அவரு உம்மாவைப் பாத்துக்கிட ஒரு ஆளு. நான் அதுக்குப் போகமாட்டேன்.”

“அப்புறம் என்ன செய்யப் போறே? காலம்பூரா நூலு நறுக்கப் போறியா?”

“இல்ல. மெஷின்ல உக்காரப் போறேன். அம்பர்நாத்துல கோகிலவாணி வேலை பாக்குற பேக் ஃபாக்டரியில கேட்டிருக்கேன். வரச் சொல்லியிருக்காங்க.”

இது எனக்கே புதுசு! கோகிலவாணி முன்பு எங்கள் சந்தில் இருந்தவள். தையல் பிரிவு முழுக்கப் பெண்கள்தான், பக்கத்திலேயே பெண்கள் தங்க இடமும் உண்டு என்று அவள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இவள் எது இருக்கோ அது என்று கேட்டுக்கொண்டிருப்பதாக நான் நினைத்தேன். எப்போது திருப்பிக் கேட்டாளோ, அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

மன்சூர் அலி செருப்பை மாட்டிக்கொண்டே, “கம்ப்யூட்டர் கேமு ஆடி ஆடிப் பொம்பளைக்கு வாய் வந்திருச்சு” என்றார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அது போய் விழுந்தது. சந்தில் முளைத்த கதைக்கு விதை அதுதான்.

நான் ஒன்று சொல்கிறேன். கேம் அவளுக்கு வாய் கொடுத்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். வாய் அவளுடையதுதான். அவளை அவசரப்படுத்தாமல் உட்கார ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். நாங்கள் யாரும் அதைக் கொடுத்ததில்லை.

அவர் போனதும் அவள் என் காலடியில் உட்கார்ந்தாள்.

“மாமி, ஹாஃபிஸாவுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு. இப்பப் பள்ளிக்கூடம் மாத்த முடியாது. நான் வாரம் பூரா அங்க இருந்தா…”

“இங்க இருக்கட்டும். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலைப் பிடிச்சு வா. திங்கக்கிழமை விடியப் போ. நான் என்ன சாகவா போறேன்?”

“ஊரு பேசும்.”

“பேசட்டும். எனக்கும் பேசத் தெரியும்.”

அப்போதுதான் அழுதாள். துக்க அழுகை அல்ல. அதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது இறுக்கிக் கட்டிய மூட்டையை இறக்கி வைத்ததும் வருகிற அழுகை.

போகிற நாள் காலையில் எழுந்து குளித்து, பச்சை நிறத்தில் சல்வாரும் அதற்கு ஒத்துவராத மஞ்சள் துப்பட்டாவும் போட்டாள். அவளே கடைக்குப் போய் எடுத்து வந்தது. சகிக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹாஃபிஸா முதலில் முகத்தைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பிறகு உம்மாவின் தலையை வாரிவிட்டு, “ஞாயித்துக்கிழமை குகைக்கு வரணும், மறந்துராதீங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

“வாறேன். யாரு வைத்தியச்சி?”

“ராஹில் அண்ணன்தான். அவங்களே எங்களைச் சாகடிக்காங்க.”

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வாசலில் நின்று, “மாமி, போயிட்டு வாறேன்” என்றாள்.

“அங்க போயிக் காலையில என்ன குடிப்பே? தேயிலையா, காப்பியா?”

“காப்பி. தேயிலை எனக்கு எப்பவுமே பிடிக்காது, மாமி.”

பதினேழு வருஷமாக அந்தப் பெண்ணுக்குத் தேயிலைதான் ஆற்றிக் கொடுத்திருக்கிறேன்! திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிட்டாள். குடங்களுக்கும் பெண்களுக்கும் நடுவே வழி கேட்டுக்கொண்டு நேராக நடந்தாள். ஸ்டேஷன் பக்கம் திரும்பும் முனையில் அந்த மஞ்சள் துப்பட்டா மறைந்தது. நான் உள்ளே வந்து, வயிறு நிறையப் பழைய சோறு தின்றுவிட்டு, பட்டப்பகலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனேன்.